‘சரி’ இருக்க ‘ஓ.கே.’ எதற்கு?



தருமபுரிப் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் ஒரு நாழிகைப் பொழுது நின்று செவிகொடுத்துக் கேளுங்கள். பெண்ணாகரம் செல்லும் பேருந்தின் நடத்துநர் ‘ஓ.கே., போகலாம்’ என்று ஓட்டுநர்க்குக் குரல் கொடுக்கிறார். தேநீர்க் கடைக்காரர் ‘இனிப்பு ஓ.கே.வா?’ என்று கேட்கிறார். வெளியூர்க் கல்லூரிக்கு மகனை அனுப்பிவிட்டு நிற்கும் தாய், கைப்பேசியில் ‘ஓ.கே. கண்ணு, வைக்கிறேன்’ என்று விடைகொடுக்கிறார். கேழ்வரகு மூட்டை இறக்குவோர் கூலி பேசி முடித்ததும் ‘ஓ.கே.’ என்று தலையசைக்கின்றனர். அண்மையில் ஒரு நாள் யான் அங்கு நின்று இச்சொல்லை எண்ணத் தொடங்கினேன். முப்பதைக் கடந்தபின் எண்ணுவதை விட்டுவிட்டேன். ‘சரி’ என்னும் சொல்லை ஒரேயொரு முறை கேட்டேன். அதைச் சொன்னவர் கீரைக்கட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி.

அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் இது. ஔவை வாழ்ந்து பாடிய மண் இது. இம்மண்ணில் ஒருவன் மற்றொருவனுக்கு ‘ஆம்’ என்று சொல்லக்கூட இன்று அயன்மொழியிடம் கையேந்தி நிற்கின்றான்.

‘இஃதென்ன, ஈரெழுத்துச் சொல்! இதற்கொரு கட்டுரையா?’ என்று எள்ளுவோர் உளர் என்பதை அறிவேன். ஈரெழுத்துச் சொல்தான். ஆனால், அவ்வீரெழுத்து ஒரு மூதாட்டியின் காலில் என்ன செய்தது என்பதை முதலில் கேளுங்கள்.

ஒரு சொல்லும் இரண்டு விரல்களும்

எங்கள் உறவில் ஒரு பெரியம்மா. பெண்ணாகரம் பக்கத்துச் சிற்றூர்க்காரர். எழுதப் படிக்க அறியாதவர். ஆனால், விதைப்பும் அறுப்பும் கணக்கும் வழக்கும் விரல்நுனியில் வைத்திருப்பவர். நீரிழிவு நோயால் அவர் காலில் புண் கண்டது. மருத்துவமனை ஒன்றிற்கு அழைத்துச் சென்றனர். மகன் மருந்து வாங்க வெளியே சென்ற வேளையில் இளைய மருத்துவர் ஒருவர் வந்தார். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக விரைந்து ஏதோ சொன்னார். இறுதியில் ‘ஓ.கே.வா, பாட்டி?’ என்று கேட்டார். பெரியம்மாவும் ‘ஓ.கே. கண்ணு’ என்றார். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றில் கைந்நாட்டு வாங்கப்பட்டது. மறுநாள் கண்விழித்தபொழுது அவருடைய காலில் இரண்டு விரல்கள் இல்லை.

‘யாரைக் கேட்டு அறுத்தீர்கள்?’ என்று அவர் அழுதார். ‘உங்களைக் கேட்டுத்தானே! ஓ.கே. என்றீர்களே!’ என்றனர். ‘நலமா என்று கேட்கிறார் என நினைத்தேன், நலந்தான் என்று சொன்னேன்’ என்றார் பெரியம்மா.

அவ்விரல்களை அகற்றியது மருத்துவ முறைப்படி தேவையாகவே இருந்திருக்கலாம். அகற்றாதிருந்தால் காலே போயிருக்கலாம். அதை யான் மறுக்கவில்லை. அம்மருத்துவரும் கெட்டவர் அல்லர், ஓய்வின்றி உழைப்பவர். அறுத்தது சரியாக இருக்கலாம். கேட்டது சரியில்லை என்பதே என் முறையீடு. அவர் கேட்ட ‘ஓ.கே.’ ஒன்று, இவர் சொன்ன ‘ஓ.கே.’ வேறொன்று. ஒலி ஒன்றாக இருந்தது. பொருள் இரண்டாக இருந்தது. அவ்விரண்டிற்கும் இடையில் இருந்த பிளவில் ஒரு மூதாட்டியின் உரிமை விழுந்துவிட்டது.

2008ஆம் ஆண்டில் சமீரா கோலி வழக்கில் இந்திய உச்ச முறைமன்றம் (உச்சநீதிமன்றம்) தெளிவாகத் தீர்ப்புரைத்தது. பண்டுவத்தின் இயல்பு யாது, அதனால் வரும் பயன் யாது, இடர் யாது, மாற்றுவழி உளதா, செய்யாவிடின் என்னாகும் என்பவற்றை நோயாளிக்குப் போதிய அளவு எடுத்துரைத்த பின்னர்ப் பெறுவதே ஒப்புதல் என்பது அத்தீர்ப்பின் சாரம். விளங்காத மொழியில் எடுத்துரைத்து, பொருள் உறுதியில்லாத ஒரு சொல்லால் பெறுவது ஒப்புதலாகுமா? எண்ணிப் பாருங்கள்.

பிழையில் பிறந்த சொல்

இனி, நம் நாவில் குடியேறிய இவ்வயற்சொல்லின் குலமும் பிறப்பும் காண்போம்.

1839 (தி.பி. 1870) மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள். அமெரிக்காவின் பாசுடன் நகரில் வெளிவந்த ‘பாசுடன் மார்னிங் போசுட்டு’ என்னும் செய்தித்தாளில், நகைச்சுவைக் குறிப்பொன்றின் இடையே ‘ஓ.கே.’ என்னும் எழுத்துகள் அச்சாயின. அருகிலேயே ‘ஆல் கரெக்ட்டு’, அஃதாவது ‘அனைத்தும் சரி’ என்று பொருளும் அச்சாயிற்று. ஆங்கிலத்தில் ‘ஆல்’ என்பதன் முதலெழுத்து ‘ஏ’. ‘கரெக்ட்டு’ என்பதன் முதலெழுத்து ‘சி’. முறையாகச் சுருக்கினால் ‘ஏ.சி.’ என்றன்றோ வரவேண்டும்? ‘ஓ.கே.’ எவ்வாறு வந்தது? அக்காலத்தில் அந்நகர் இளைஞர்க்கும் செய்தித்தாள் எழுத்தாளர்க்கும் ஒரு விளையாட்டு இருந்தது. சொற்களை வேண்டுமென்றே பிழைபட எழுதி, அப்பிழையின் முதலெழுத்துகளைச் சுருக்கமாக வழங்கி நகைப்பர். ‘ஆல் ரைட்டு’ என்பதைப் பிழையாக எழுதி ‘ஓ.டபிள்யூ.’ என்று சுருக்கினர். அதே வகையில் வந்ததே ‘ஓ.கே.’ எழுத்தறியாதவன் எழுதுவதுபோல் எழுதிக்காட்டிய எள்ளலே இச்சொல்லின் தாய்வீடு.

காண்க: பிழையாகப் பிறந்த சொல்லே ‘பிழையில்லை’ என்னும் பொருளைத் தாங்கி நிற்கின்றது!

அவ்விளையாட்டுச் சுருக்கங்கள் பிறவெல்லாம் சில ஆண்டுகளில் மறைந்தொழிந்தன. இஃதொன்று மட்டும் எவ்வாறு பிழைத்தது? அரசியல் அதற்கு உயிர் கொடுத்தது. 1840இல் அமெரிக்கக் குடியரசுத்தலைவர் தேர்தல். பதவியிலிருந்த மார்ட்டின் வான் பூரன் மீண்டும் போட்டியிட்டார். அவருடைய ஊர் நியூயார்க்கு மாநிலத்துக் கிண்டர்குக்கு. ‘ஓல்டு கிண்டர்குக்கு’ (கிண்டர்குக்குப் பெரியவர்) என்னும் பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் ஓ, கே என அமைந்தன. அவர்தம் கட்சியினர் ‘ஓ.கே. கழகம்’ கண்டு முழங்கினர். எதிர்க்கட்சியினரோ, ‘முன்னைய தலைவர் ஆண்ட்ரூ சாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர்தாம் தாள்களில் ஓ.கே. என்று பிழையாக எழுதினார்’ என்று கதைகட்டிவிட்டனர். தேர்தலில் வான் பூரன் தோற்றார். சொல் வென்றது. பின்னர்த் தொலைவரிப் பணியாளர்கள் ‘செய்தி வந்து சேர்ந்தது’ என்பதற்கு இதனைக் கையாண்டனர். தொலைவரிக் கம்பி சென்ற இடமெல்லாம் இச்சொல்லும் சென்றது.

இவ்வரலாற்றை ஐயமற நாட்டியவர் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் இரீடு. பழஞ்செய்தித்தாள்களைத் தாள்தாளாகப் புரட்டி, 1963, 1964ஆம் ஆண்டுகளில் ஆய்விதழில் தொடர்கட்டுரைகளாக வெளியிட்டார்.

அவர் நாட்டுவதற்கு முன்னர் இச்சொல்லுக்குத் தந்தையர் பலர் இருந்தனர். ‘சாக்டா’ என்னும் செவ்விந்தியப் பழங்குடியினரின் ‘ஓக்கே’ என்னும் சொல்லே இது என்றனர் ஒரு சாரார். குடியரசுத்தலைவர் உட்ரோ வில்சன் இதனை நம்பி, அம்முறைப்படியே எழுத்துக்கூட்டி எழுதிவந்தார். கிரேக்கர் ‘ஓலா கலா’ (எல்லாம் நன்று) என்னும் எம் சொல்லே என்றனர். இசுக்காட்லாந்தினர் ‘ஓக்கு ஐ’ என்னும் தம் வழக்கைக் காட்டினர். மேலை ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் வழியே வந்தது என்றனர் வேறு சிலர். எயித்தி நாட்டு ஓ-கே துறைமுகத்து மதுவின் பெயர் என்றும், சரக்குப் பொதிகளில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்த ஒரு புகைவண்டிப் பணியாளன் பெயர் என்றும் கதைகள் பல. ஒலி ஒத்திருந்தால் போதும். உறவு கொண்டாட ஆள் வந்துவிடும்!

நாமும் பொய்யுரைத்தல் ஆகாது

இங்கே நம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நம் இயக்க ஆர்வலர் ஒருவர் என்னிடம், ‘ஐயா, தமிழில் உவகை என்பது ஓகை என்றும் வழங்கும். அந்த ஓகையே ஓ.கே. ஆயிற்று. எனவே இது தமிழ்ச்சொல்லே. தாராளமாக வழங்கலாம்’ என்றார். இன்னொருவர் ஒகேனக்கல்லிலேயே ‘ஓகே’ இருக்கிறதே என்று நகைத்தார்.

அன்பர்களே! தமிழை உயர்த்தப் பொய் வேண்டா. பொய்யால் உயர்த்தும் அளவிற்குத் தமிழ் தாழ்ந்து கிடக்கவில்லை. ‘ஓகை’ நல்ல தமிழ்ச்சொல். அதற்கும் பாசுடன் நகரத்து எள்ளலுக்கும் எத்தொடர்பும் இல்லை. ஆங்கிலேயன் ஊரறிந்த தமிழ்ச்சொல்லை மறைத்தால் நாம் வெகுள்கிறோம். அங்ஙனமாயின், அவனுடைய சொல்லை நாம் சான்றின்றி நமதாக்குதல் எவ்வாறு தகும்?

மெய்யான சொல்லாய்வு எப்படியிருக்கும் என்பதற்கு அதே ஒகேனக்கல்லே சான்று. காவிரி பாறைமேல் வீழ்ந்து நீர்த்துகள் புகைபோல் எழுவதால் அப்பெயர் வந்தது. தமிழில் ‘புகை’, கன்னடத்தில் ‘ஹொகெ’. தமிழ்ச் சொன்முதற் பகரம் கன்னடத்தில் மூச்சொலியாகத் திரிதல் ஒரு வரன்முறை. பால் ‘ஹாலு’ ஆயிற்று. பல் ‘ஹல்லு’ ஆயிற்று. புலி ‘ஹுலி’ ஆயிற்று. பூ ‘ஹூவு’ ஆயிற்று. அவ்வாறே புகை ‘ஹொகெ’ ஆயிற்று. ஒரு சொல்லில் மட்டுமன்றிப் பல சொற்களிலும் ஒரே திரிபு ஒழுங்காக நிகழ்வதால் இது சான்றுள்ள ஆய்வு. ஆகவே, ஒகேனக்கல் என்பது நம் புகைக்கல்லே. ‘ஓகை’யை ‘ஓ.கே.’ ஆக்குவதோ சான்றற்ற ஒலிவிளையாட்டு. முன்னதைப் போற்றுவோம், பின்னதைத் தள்ளுவோம்.

ஒரு சொல், பத்துப் பொருள்

‘ஓ.கே.’ என்பதற்கு இன்று பொருள் யாது? ஒன்றன்று.

‘நாளை வருகிறாயா?’ ‘ஓ.கே.’ – இங்கே இஃது உடன்பாடு. ‘படம் எப்படி?’ ‘ஓ.கே.’ – இங்கே சிறப்பில்லை, தாழ்வுமில்லை என்னும் நடுத்தரம். ‘விழுந்தாயே, ஓ.கே.வா?’ – இங்கே நலம் உசாவல். ‘மேலாளர் ஓ.கே. செய்துவிட்டார்’ – இங்கே இசைவாணை. ‘ஓ.கே., அடுத்த பாடம்’ – இங்கே ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடங்கும் அசைச்சொல். ‘ஓ.கே., ஓ.கே., விடு’ – இங்கே சலிப்பு. ‘ஓ.கே.வா?’ என்று வகுப்பில் ஆசிரியர் கேட்டால் புரிந்ததா என்று பொருள். கடைக்காரர் கேட்டால் விலை கட்டுமா என்று பொருள். மருத்துவர் கேட்டால் அறுக்கலாமா என்றும் பொருள், வலி குறைந்ததா என்றும் பொருள்!

இத்தனைக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள. உண்மையைக் கூற ‘ஆம்’. ஏற்றுக்கொள்ளச் ‘சரி’. செய்ய உடன்பட ‘ஆகட்டும்’. பெரியோர் சொல்லைத் தலைமேற்கொள்ள ‘அப்படியே’. பாராட்ட ‘நன்று’. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ‘உம்’. நலம் உசாவ ‘நலமா?’. மேலோர் தரும் இடம் ‘இசைவு’. இருவர் கருத்து ஒன்றாதல் ‘ஒப்புதல்’. கொடுப்பதைக் கொள்ளுதல் ‘ஏற்பு’. போதிய அளவிற்குப் ‘போதும்’. நடுத்தரத்திற்குத் ‘தாழ்வில்லை’. இவ்விடத்திற் பலர் ‘பரவாயில்லை’ என்பர். அதிலுள்ள ‘பரவா’ பாரசீகத்திலிருந்து உருதுவழி வந்தது என்பதையும் மறவற்க.

பன்னிரண்டு திறவுகோல்களைத் தூக்கி எறிந்துவிட்டு, எப்பூட்டையும் பாதி திறக்கும் ஒரு வளைந்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டோம். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

நம் முன்னோர் உடன்பாட்டை எவ்வாறு சொன்னார்கள்? ‘கையொப்பம்’ என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: கை, ஒப்பம். உள்ளம் ஒப்பியதைக் கை ஒப்பிக் காட்டுவது கையொப்பம். ஒத்தல், ஒப்பு, ஒப்பம், ஒப்புதல் யாவும் ஒரே வேரின. இருவர் உள்ளம் ஒத்திராத இடத்தில் ஒப்பம் இல்லை என்பதை அச்சொல்லே உரைக்கும். பழங்கல்வெட்டுகளில் ஆவணத்தின் இறுதியில் சான்றாளர் ஒவ்வொருவரும் ‘இப்படி அறிவேன்’ என்று பொறித்துத் தம் பெயரிட்டனர். ‘அறிவேன்’ என்றனர், அறியாமல் தலையசைக்கவில்லை. இன்றும் நாம் மடலின் இறுதியில் எழுதும் ‘இப்படிக்கு’ அம்மரபை நினைவூட்டுகின்றது. எங்கள் பெரியம்மாவின் கைந்நாட்டின் மேல் ‘இப்படி அறிவேன்’ என்று எழுத எவருக்கேனும் நெஞ்சு வருமா?

இத்தகடூர்ப் பகுதியில் வட்டெழுத்தில் பொறித்த நடுகற்கள் பல கிடைத்துள்ளன. ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முற்பட்டனவும் அவற்றுள் உள. அவற்றில் உள்ள சொற்கள் சிலவே. யாருடைய ஆட்சியில், எவருடைய மறவன், எவ்வூர்த் தொறுவை மீட்கையில் பட்டான் என்பதை அச்சில சொற்களே ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லும். ஔவை அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றபொழுது, அவன் படைக்கலங்கள் நெய்பூசிப் பீலி சூடிக் காவலுடைய மனையில் ஒளிர்வதையும், தன் அரசனுடைய வேல்கள் நுனிமுறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பாடினார் என்பதைப் புறநானூறு காட்டும். புகழ்வது போன்று பழித்து, பழிப்பது போன்று புகழ்ந்த அச்சொல்லின் கூர்மை, வேலின் கூர்மையினும் மிக்கது. அக்கூர்மை பிறந்த ஊரில் இன்று எல்லாவற்றிற்கும் ஒரே மழுங்கல் – ‘ஓ.கே.’!

எதிர்ப்பார்க்கு விடை

‘ஓ.கே. உலகப் பொதுச்சொல், அனைவர்க்கும் விளங்குமே’ என்பர். உலகம் இருக்கட்டும், நம் மாவட்டத்தைப் பாருங்கள். பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையில் தமிழரும் கன்னடம் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் ஒருங்கே நின்று விலை பேசுகின்றனர். உடன்பாட்டிற்குத் தமிழர் சொல் ‘சரி’. கன்னடர் சொல் ‘சரி’. தெலுங்கர் சொல் ‘சரி’, ‘சரே’. மலையாளத்திலும் அதுவே. நான்கு உடன்பிறப்பு மொழிகளுக்கும் பொதுவான சொல் கையிலிருக்க, ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளப் பாசுடனிலிருந்து பாலம் கட்டுவானேன்? உண்மையான பொதுச்சொல் ‘சரி’யே. எங்கள் பெரியம்மாவிற்கு ‘ஓ.கே.’ விளங்கவில்லை என்பதையும் மேலே கண்டீர்கள்.

‘தொல்காப்பியரே திசைச்சொல்லுக்கு இடம் தந்தாரே’ என்பர் கற்றோர் சிலர். தந்தார், மறுக்கவில்லை. ஆனால், அவர் கூறியது செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தார் வழங்கும் சொற்களை. அண்டை நிலத்து வழக்கிற்குத் தந்த இடத்தைக் காட்டி, கடல்கடந்த மொழியொன்று நம் மொழியின் நடுவீட்டில் கட்டில் போட்டுப் படுப்பதற்கு இசைவு கேட்பது முறையாகாது. மேலும், வந்த சொல் இருந்த சொல்லின் பக்கத்தில் அமர்வது வேறு. இருந்த சொல்லை வெளியே தள்ளிவிட்டு அதன் பாயில் படுப்பது வேறு.

‘ஆங்கிலம் நம் சொற்களைக் கடன்கொள்ளவில்லையா?’ என்பர். கொண்டது. கட்டுமரத்தைக் கொண்டது; சுருட்டைக் கொண்டது; மிளகுத்தண்ணீரைக் கொண்டது. அவனிடம் கட்டுமரம் இல்லை. எனவே பொருளோடு பெயரையும் கொண்டான். ‘ஆம்’ என்பதற்குத் தன் சொல்லை விட்டுத் தமிழ்ச்சொல்லைக் கொண்டானா? இல்லாததைக் கடன் வாங்குதல் வாணிகம். இருப்பதைத் தெருவில் வீசிவிட்டுக் கடன் வாங்குதல் பேதைமை. கனி கையிலிருக்கக் காயைக் கொள்ளும் அப்பேதைமையை வள்ளுவர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே சுட்டிவிட்டார்.

‘காலம் மாறிவிட்டது; கணினிக் காலம்’ என்பர். அக்கணினியைத்தான் பாருங்கள்! கைப்பேசியில் தமிழைத் தேர்ந்து அமைத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் ‘ஓ.கே.’ என்றிருந்த பொத்தானில் ‘சரி’ என்று தமிழ் ஒளிரும். உயிரற்ற பொறி ‘சரி’ என்கின்றது. அதனைத் தொடும் தமிழன் ‘ஓ.கே.’ என்கின்றான். பொறிக்கு இருக்கும் தமிழுணர்வு பொறியை ஆள்பவனுக்கு இல்லை!

திரைத்துறையின் கூத்து ஒன்றையும் சொல்லி அமைவேன். தமிழில் பெயர் சூட்டும் திரைப்படங்கட்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று 2006இல் தமிழ்நாட்டரசு அறிவித்தது. நல்ல முயற்சிதான். ஆனால் நடந்தது என்ன? 2012இல் ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ வந்தது, ஊரெல்லாம் ‘ஓ.கே. ஓ.கே.’ என்று அழைத்தது. 2015இல் ‘ஓ காதல் கண்மணி’ வந்தது, அதுவும் ‘ஓ.கே. கண்மணி’ ஆயிற்று. முழுப்பெயர் தமிழ்; வாயில் வழங்கும் பெயர் ஆங்கிலச் சுருக்கம். வரிவிலக்கால் சுவரொட்டியில் தமிழை ஏற்றலாம். நாவில் ஏற்ற இயலுமா? நாவில் ஏற்ற வேண்டியவன் தமிழன் ஒருவனே.

நாம் செய்ய வேண்டுவது

ஆங்கிலத்தின்பால் நமக்குப் பகையில்லை. அமெரிக்கனுக்கு ‘ஓ.கே.’ அவன் வரலாற்றோடு பிறந்த சொல். அவன் அதனை வழங்கட்டும், பெருமையும் கொள்ளட்டும். ஆங்கிலம் பேசுமிடத்து ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே பேசுவோம். தமிழ் பேசுமிடத்துத் தமிழைத் தமிழாகப் பேசுவோம். இதுதான் 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் காலந்தொட்டு நாம் கேட்பது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யானும் குற்றவாளியே. இக்கட்டுரை எழுதிக்கொண்டிருக்கையில் அச்சகத்தார் கைப்பேசியில் அழைத்து, ‘கட்டுரை நாளைக்குள் வந்துவிடுமா?’ என்றார். ‘ஓ.கே.’ என்று சொல்லிவிட்டேன்! சொன்னபின் நாவைக் கடித்துக்கொண்டேன். அத்துணை ஆழமாக வேரூன்றிவிட்டது இக்களை. ஆகவே, பிறரைத் திருத்துமுன் நம்மைத் திருத்துவோம். இப்பொழுதிலிருந்து ஒரு திங்கள் – முப்பதே நாள் – ‘ஓ.கே.’ சொல்லவேண்டிய இடத்தில் ஒரு நொடி நின்று, இங்கு யான் சொல்ல வந்தது ஆமா, சரியா, ஆகட்டுமா, நலமா, போதுமா என்று எண்ணிச் சொல்லுங்கள். அந்த ஒரு நொடியில் சொல் மட்டுமன்று, எண்ணமும் தெளியும்.

ஆசிரியப் பெருமக்களே! வகுப்பில் ‘ஓ.கே.வா?’ என்று கேட்டால் அறியாத பிள்ளையும் ‘ஓ.கே.’ என்றே கத்தும். ‘புரிந்ததைச் சொல்’ என்று கேளுங்கள், அறியாமை வெளிப்படும், கல்வி அங்கே தொடங்கும்.

மருத்துவப் பெருமக்களே! ஒப்புதல் தாளைத் தமிழில் அச்சிடுங்கள். படிக்கத் தெரியாதவர்க்கு முழுதும் படித்துக் காட்டுங்கள். பின்னர், ‘நாங்கள் உங்களுக்கு என்ன செய்யப்போகிறோம்? நீங்களே சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அவர் தம் வாயால் தமிழில் சொன்னால் அஃது ஒப்புதல். ‘ஓ.கே.’ என்பது ஒப்புதலன்று, வெற்றொலி.

வைப்பகத்திலும் (வங்கியிலும்) பதிவகத்திலும் கடன்தாளிலும் பத்திரத்திலும் கைந்நாட்டு வைக்கும் எம் உழவர் பெருமக்களே! எவரேனும் ‘ஓ.கே.வா?’ என்று கேட்டால் விடை கூறாதீர்கள். ‘எது? எவ்வளவு? எப்பொழுது வரை?’ என்று திருப்பிக் கேளுங்கள். விளங்கிய பின்னர்ச் ‘சரி’ என்று சொல்லுங்கள். விளங்காவிடின் ‘விளங்கவில்லை’ என்று சொல்லுங்கள். மொழியைக் காப்பதென்பது புலவர் வீட்டுத் திண்ணையோடு முடியும் வேலையன்று. அது நிலத்தைக் காக்கும், பணத்தைக் காக்கும், உடலில் உள்ள உறுப்பையும் காக்கும்.

எங்கள் பெரியம்மா இப்பொழுது கோலூன்றி நடக்கிறார். அண்மையில் மற்றொரு மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அவரும் இளையவர்; நல்லவர். ஏதோ விரைந்து சொல்லிவிட்டு, வழக்கம்போல் ‘ஓ.கே.வா, பாட்டி?’ என்றார். பெரியம்மா தலையசைக்கவில்லை. கோலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து, ‘அந்தச் சொல் எனக்கு வேண்டாம் கண்ணு. என்ன செய்யப்போகிறாய் என்று தமிழில் முழுதாகச் சொல். கேட்டுவிட்டுச் சரி என்றால் சரி என்கிறேன்’ என்றார். மருத்துவர் ஒரு நொடி திகைத்தார். பின்னர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே அமர்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

எழுதப் படிக்க அறியாத அம்மூதாட்டி, இரண்டு விரல்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் இது. விலை கொடாமலே நாம் கற்போமாக.

சரி என்போம், சரியானதைச் சரியான சொல்லாற் சொல்வோம்!